ஹீட்டர் இல்லாத சின்ன மீன் தொட்டியில செடி வளர்க்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது ஒன்றரை அடி, ரெண்டு அடி தொட்டி வெச்சிருக்கவங்களுக்கு. மேல ஒரு சாதாரண எல்இடி, ஓரத்துல ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர் கிடையாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது, மூட்டை மூட்டையா விக்கிற விலை கூடின மண்ணும் கிடையாது. இதுல நிஜச் செடி வளருமான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. வளரும், நல்லாவே வளரும், ஆனா உங்க வீட்டுக் குழாய்ல என்ன தண்ணி வருதோ அதுக்கு ஒத்துப்போற செடியா பாத்து எடுக்கணும். அழகா இருக்குன்னு ஒன்ன வாங்கிட்டு வந்து அப்புறம் அதுக்காக தண்ணியை மாத்தக் கிளம்பினா அந்த வேலைக்கு முடிவே கிடையாது.

ஹீட்டர் இல்லாம எப்படிங்க? எல்லா வீடியோலயும் போடுறாங்களே?

அந்த வீடியோல பாதி குளிர் நாட்டுல எடுத்தது. அங்க வீட்டுக்குள்ளயே ராத்திரி 16, 18 டிகிரிக்கு இறங்கிரும், அதை 25க்கு ஏத்தணும்னா ஹீட்டர் வேணும். சென்னை, மதுரை, திருச்சி பக்கம் வீட்டுக்குள்ள இருக்குற தொட்டித் தண்ணி வருஷத்துல பெரும்பாலான நாள் 25ல இருந்து 30க்குள்ளதான் நிக்கும், மார்கழி தைல கொஞ்சம் குறையும், அவ்ளோதான். கடையில விக்கிற செடி முக்கால்வாசி வெப்ப நாட்டுச் செடிதான், அதுக்கு இது போதும். நமக்கு தலைவலி சித்திரை வைகாசிதான், அதைப் பத்தி கீழ தனியா சொல்லியிருக்கேன். ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கும் தனியா இருக்கு.

முதல்முதலா வைக்கிறவங்க எந்தச் செடி வாங்கலாம்?

ஒரே ஒரு செடிதான் வாங்குவேன்னா அனுபியாஸ் நானா வாங்குங்க. மேற்கு ஆப்பிரிக்காச் செடி, கரும்பச்சைல தடிச்ச இலை, லைட் கம்மியா இருந்தாலும் பொறுத்துக்கும், கோல்ட் ஃபிஷ் கூட இதை அவ்வளவா கடிக்காது. ரொம்ப மெதுவாத்தான் வளரும், மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு இலை விட்டாலே அது நல்லா இருக்குன்னு அர்த்தம். இதோட தண்டு இஞ்சி மாதிரி படுத்தவாக்குல போகும், அதுல இருந்து மேல இலையும் கீழ வேரும் வரும். அந்தத் தண்டை மணலுக்குள்ள புதைக்கவே கூடாது, புதைச்சா அழுகிரும். ஒரு கல்லுலயோ மரக்கட்டைலயோ கறுப்பு நூலால கட்டி விடுங்க, இல்ல ஃபெவிக்விக் ஒரு சொட்டு வெச்சு ஒட்டுங்க, அது காஞ்சதும் தண்ணிக்குள்ள ஒண்ணும் பண்ணாது. ரெண்டு மூணு மாசத்துல வேரே கல்லைப் பிடிச்சுக்கும்.

அடுத்தது ஜாவா ஃபெர்ன். இதையும் அனுபியாஸ் மாதிரியே கட்டித்தான் வைக்கணும், புதைக்கக் கூடாது. இலைக்கு அடில வரிசையா கறுப்புப் புள்ளி வந்தா நிறைய பேர் நோய்னு நினைச்சு வெட்டிப் போட்டுர்றாங்க, வேண்டாம், அது வித்துத் தூள் பைங்க. கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க, பழைய இலையோட நுனிலயும் ஓரத்துலயும் நூல் நூலா பழுப்பு வேர் இறங்கும், மேல நகக்கண் அளவுல குட்டி இலை ரெண்டு மூணு நிக்கும். குட்டி ஒரு அங்குலம் ஆனதும் கையால லேசா இழுத்தா வந்துரும், வேற கல்லுல கட்டிரலாம். ஒண்ணு வாங்கினா போதும், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

அடுத்து கிரிப்டோகோரைன் வென்டி. இலங்கைல ஓடைங்கள்ல இயற்கையா வளர்ற செடி இது. நம்ம தென்னிந்திய ஆத்துங்கள்லயும் இந்தக் குடும்பத்துல ரெட்ரோஸ்பைராலிஸ்னு ஒண்ணு பாறை இடுக்குல வளருது. பச்சை, பழுப்பு ரெண்டு நிறத்துலயும் கிடைக்கும், இது மணல்ல வேர் விடுற செடி, நட்ட இடத்துல இருந்து பிடுங்காம விட்டா வருஷக்கணக்கா இருக்கும்.

போர் தண்ணி வீடுன்னா வேலிஸ்நேரியா. நீளப் பட்டை இலை, கடையில வேலிஸ்னு கேட்டா தருவாங்க. கடினத் தண்ணில கரைஞ்சிருக்குற பைகார்பனேட்டையே எடுத்து கார்பனுக்குப் பயன்படுத்திக்கிற திறமை இதுக்கு உண்டு, அதான் சிலிண்டர் இல்லாமலே போர் தண்ணி தொட்டில இது காடா வளருது. ஹார்ன்வொர்ட்டும் அப்படித்தான். அதுக்கு வேரே கிடையாது, நடவும் வேண்டாம், மிதக்க விட்டாலே போதும், புதுத் தொட்டில மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை இழுத்துக்கிறதுல அதை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா வாங்கின முதல் வாரம் ஊசி இலையா கொட்டும், ஃபில்டர்ல போய் அடைக்கும், அதைப் பொறுத்துக்கணும்.

ஜாவா மாஸ் வெக்கலாம், வளரும், ஆனா தண்ணி 30 டிகிரியைத் தாண்டினா பழுப்படிக்க ஆரம்பிக்கும், அழுக்கையும் பிடிச்சு வெச்சுக்கும். எனக்கு சென்னை வெயிலுக்கு அது அவ்வளவு இஷ்டமில்ல.

கடையில எதைப் பாத்து வாங்கணும்?

சென்னை கொளத்தூர் மாதிரி பெரிய மீன் மார்க்கெட்டுக்குப் போனா ஒரே செடி நாலு விதமா இருக்கும், அவசரப்படாதீங்க. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன்னா தண்டை விரலால லேசா அழுத்திப் பாருங்க, கெட்டியா இருக்கணும். அமுங்கினா, இல்ல மூக்குகிட்ட வெச்சா அழுகின வாடை வந்தா இலை எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் வேண்டாம், அது தொட்டிக்கு வந்து ஒரு வாரத்துல இலை இலையா கழண்டு மிதக்கும். கொத்து கொத்தா கட்டி விக்கிற தண்டுச் செடில அடில ஈயப் பட்டை சுத்தியிருக்கும், பிரிச்சா உள்ள நசுங்கி கறுத்துப் போயிருக்கும், அந்த அளவுக்கு வெட்டிட்டு ஒவ்வொரு தண்டா தனித்தனியா நடுங்க. சின்ன பிளாஸ்டிக் கூடைல வர்றதுக்கு வேரைச் சுத்தி பஞ்சு மாதிரி ராக்வூல் இருக்கும், அதை பொறுமையா எடுத்துட்டு நடுங்க.

இன்னொண்ணு, தண்ணிச் செடியே இல்லாதது நிறைய தண்ணிச் செடின்னு விக்கிறாங்க. லக்கி பேம்பூன்னு சொல்ற டிரசீனா, கோடு போட்ட டிரசீனா, மாண்டோ புல், பீஸ் லில்லி, இதெல்லாம் தரைச் செடி. தண்ணிக்குள்ள முழுசா முக்கினா ஒரு மாசம் ரெண்டு மாசம் பச்சையா இருக்குற மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள அழுகிட்டு இருக்கும். தண்ணில இருந்து வெளிய எடுத்தா தொவளாம விறைப்பா நிக்குதுன்னா சந்தேகப்படுங்க, அனுபியாஸ் மாதிரி சிலது மட்டும் இதுக்கு விதிவிலக்கு.

நட்டு ஒரு வாரத்துல இலை எல்லாம் கரைஞ்சு போச்சு, செத்துருச்சா?

அனேகமா இல்ல. நர்சரில பல செடியை தண்ணிக்கு மேல, ஈரக் காத்துலதான் வளர்க்குறாங்க, சீக்கிரம் பெருகும்னு. காத்துல வளர்ந்த இலை தண்ணிக்குள்ள வேலை செய்யாது, அதைக் கைவிட்டுட்டு செடி புதுசா தண்ணி இலை விடும். கிரிப்டோகோரைன் இதுல ரொம்ப மோசம், இடம் மாத்தினாலே, தண்ணி மாறினாலே, சில சமயம் லைட் மாத்தினாலே மொத்தமும் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகி கரைஞ்சிரும். பிடுங்கிராதீங்க. கரைஞ்ச இலையை மட்டும் கிள்ளி வெளிய எடுத்துட்டு, அதை விட்டா அம்மோனியா ஏறும், வேரை அப்படியே மணல்லயே விட்டுட்டு 3, 4 வாரம் காத்திருங்க, நடுவுல இருந்து முளை வரும்.

அடில என்ன போடலாம்?

நல்லா அலசின ஆத்து மணல், இல்ல 2, 3 மில்லிமீட்டர் சைஸ் கிராவல், ரெண்டு அங்குல உயரம். எம்-சாண்ட் தூசி அடங்கவே அடங்காது. கடல் மணல்ல சிப்பித் தூளும் உப்பும் இருக்கும், வேண்டாம். பெயின்ட் அடிச்ச நீலக் கல்லு, பிங்க் கல்லு சாயம் உரிஞ்சு வரும், செடிக்கும் அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எந்தக் கல்லு போட்டாலும் அது மேல கொஞ்சம் வினிகர் ஊத்திப் பாருங்க, நுரைச்சு பொங்கினா அதுல சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம், தண்ணியை இன்னும் கடினமாக்கும்.

கிரிப்டோகோரைனும் வேலிஸும் நிறைய வெக்கப் போறீங்கன்னா மணலுக்கு அடில ஒரு அங்குலம் சலிச்ச செம்மண் போடலாம், இரும்புச் சத்து அதுலயே கிடைச்சிரும். சாணி எரு, மண்புழு உரம் கலந்த மண்ணு வேண்டாம், அம்மோனியா எகிறி மீன் போயிரும். செம்மண் போட்டா அப்புறம் செடியைப் பிடுங்கி இடம் மாத்தவே கூடாது, தொட்டியே கலங்கிரும்.

மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா, ஆர்ஓவா?

மெட்ரோ தண்ணின்னா திறந்த பக்கெட்ல ஒரு நாள் வெச்சுட்டு ஊத்துங்க, குளோரின் போயிரும். லாரித் தண்ணில வாடை தூக்கலா இருந்தா ஆன்டி குளோரின் சொட்டு போட்டுக்கோங்க.

போர் தண்ணின்னா டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவு, எவ்ளோன்னு பாருங்க. ஆர்ஓ சர்வீஸ்க்கு வர்றவர் கிட்ட கேட்டா மீட்டர் வெச்சு சொல்லிருவாரு. 300, 400 வரைக்கும் எல்லாச் செடியும் சமாளிக்கும். 800, 1000னு போனா வேலிஸ், ஹார்ன்வொர்ட், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸோட நிறுத்திக்கோங்க. வாய்ல வெச்சா உப்புக் கரிக்குதுன்னா, கடற்கரையோர ஏரியால அப்படி நிறைய இருக்கு, பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்துருங்க. முழுக்க ஆர்ஓ மட்டும் ஊத்துறது நல்லதில்ல, அதுல கால்சியம் மெக்னீசியம் எதுவுமே இருக்காது, செடி புது இலையைக் கோணலா விடும். ஆர்ஓ மெஷின்ல வீணாப் போற தண்ணி இன்னும் உப்பு, அதை பாத்ரூம் கழுவ வெச்சுக்கோங்க.

அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் வெச்சிருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல சோடியத்தை விடுது, டிடிஎஸ் குறையுறதில்ல. சோப்பு நல்லா நுரைக்கும், செடி வாடும். சாஃப்ட்னருக்கு முன்னாடி ஒரு குழாய் இருந்தா அதுல பிடிங்க.

லைட் எவ்ளோ நேரம்?

ரெண்டு அடி தொட்டிக்கு 10ல இருந்து 15 வாட் வெள்ளை எல்இடி, 6500 கெல்வின், ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரம். ஒரு டைமர் வாங்கிருங்க, நம்ம ஞாபகத்தை நம்ப வேண்டாம். நீலம், பர்ப்பிள் லைட் மட்டும் இருக்குறது செடிக்கு ஆகாது. நேர் வெயில் படுற ஜன்னல் ஓரம் வைக்காதீங்க, பாசியும் வரும், தண்ணியும் சூடாகும்.

உரம் போடணுமா?

மீன் இருந்தா நைட்ரஜனும் பாஸ்பரஸும் சாப்பாட்டுலயும் கழிவுலயும் வந்துரும். குறையுறது பொட்டாசியமும் இரும்பும்தான், அதை இலையே காட்டிக் கொடுக்கும். பழைய இலைல ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானா பொட்டாசியம் பத்தல. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்பு பத்தல. பழைய இலை மொத்தமா மஞ்சளானா நைட்ரஜன், மீன் ரொம்ப கம்மியா இருக்குற தொட்டில அது வரும்.

பொட்டாசியத்துக்கு உரக்கடைல சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கிடைக்கும், 50 லிட்டருக்கு 1 கிராம், வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்துற அன்னைக்குக் கரைச்சு விட்டா போதும். சிவப்பு பொட்டாஷ் வேண்டாம். இரும்புக்கு அக்வேரியம் கடைல விக்கிற திரவ உரமே வாங்கிக்கோங்க, பாட்டில்ல போட்டிருக்குற அளவுல பாதி போட்டு ஆரம்பிங்க. யூரியா, டிஏபி தொட்டிக்குள்ள போடவே கூடாது. அதுல வர்ற அம்மோனியா, தண்ணி சூடாவும் பிஹெச் (காரத்தன்மை) கூடவும் இருந்தா இன்னும் விஷமாகும், நம்ம ஊரு போர் தண்ணிக்கு ரெண்டுமே பொருந்தும்.

மீன் எப்ப விடலாம், எது விடலாம்?

செடி நட்டு 3, 4 வாரம் கழிச்சு. அம்மோனியாவை நைட்ரைட்டாவும் அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா வளர அவ்ளோ நாள் ஆகும். ஒன்றரை அடிக்கு 1 அடி 1 அடி தொட்டின்னா 42 லிட்டர், மணல் போக 35தான் நிக்கும், அதுல ஒரு ஃபைட்டர் போதும். ரெண்டு அடி தொட்டில 6, 7 கப்பி விடலாம், கப்பி குட்டி போட்டு ரெண்டு மாசத்துல முப்பதாகும், அதை யாருக்குக் கொடுக்குறதுன்னு முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கோங்க. ஜீப்ரா டேனியோ நம்ம நாட்டு மீன்தான், வெயில் குளிர் ரெண்டும் தாங்கும். கோல்ட் ஃபிஷ் இந்த சைஸ் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம், மணலைத் தோண்டும், மென்மையான செடியைத் தின்னும். டேங்க் கிளீனர்னு விக்கிறது ஒரு அடிக்கு மேல வளர்ற மீன், அது பாசியைத் துடைச்சு சுத்தம் பண்ணும்னு சொல்றதை நம்பி வாங்காதீங்க.

பாசி வந்து இலையெல்லாம் மூடிருச்சு, என்ன பண்றது?

எந்தப் பாசின்னு பாருங்க. புதுத் தொட்டில பழுப்பா தூள் மாதிரி படிஞ்சா டயாட்டம், விரலால தேய்ச்சா போயிரும், ஒரு மாசத்துல தானா நின்னுரும். தண்ணியே பச்சையாச்சுன்னா வெளிச்சம் ஓவர், மூணு நாள் துணி போட்டு மூடி வையுங்க, அப்புறம் பாதித் தண்ணி மாத்துங்க. நூல் பாசியை பழைய டூத் பிரஷ்ல சுத்தி எடுங்க, லைட்டை 5 மணி நேரமா குறைங்க.

அனுபியாஸ் இலை ஓரத்துல கறுப்பா தாடி மாதிரி வர்றதுதான் பிடிவாதம். ரொம்ப மோசமான இலையை வெட்டிருங்க. மிச்சத்துக்கு, கல்லோட வெளிய எடுத்து மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை பிரஷ்ல தடவி, ரெண்டு நிமிஷம் விட்டு, நல்லா அலசிட்டு திரும்ப வையுங்க. ஒரு சில நாள்ல அந்தக் கறுப்பு சிவப்பாகி உதிரும். அனுபியாஸ் மேல லைட் நேரா விழாம வேற செடி நிழல்ல வெச்சா திரும்ப வர்றது குறையும்.

வெயில் காலத்துல தண்ணி 33 டிகிரி போயிருதே?

20 டிகிரில ஒரு லிட்டர் தண்ணி 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரில ஏழரைதான். அதே சமயம் மீனும் செடியும் பாக்டீரியாவும் சூட்டுல வேகமா சுவாசிக்கும். மே மாசம் காலைல மீன் மேல வந்து வாயைத் திறந்து நிக்கிறதுக்கு இதான் காரணம், ஏன்னா ராத்திரி செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், விடாது.

மூடியை எடுத்துட்டு ஒரு சின்ன டேபிள் ஃபேனை தண்ணி மேல படுற மாதிரி வையுங்க. ஆவியாகும்போது ரெண்டு மூணு டிகிரி இறங்கும். கோயம்புத்தூர் மாதிரி காத்து காஞ்ச ஊர்ல நல்லா இறங்கும், சென்னை மாதிரி ஈரக் காத்து ஊர்ல அவ்வளவு இறங்காது, ஆனாலும் பிரயோஜனம் உண்டு. இப்படி ஆவியாகுறது தண்ணி மட்டும்தான், உப்பு தொட்டிலயே நிக்கும். குறைஞ்ச அளவுக்கு தினமும் போர் தண்ணியே ஊத்தினா ஒரு மாசத்துல டிடிஎஸ் ஏறி நிக்கும், வேலிஸ் மாதிரி உப்பு தாங்குறது தவிர மத்ததெல்லாம் வாட ஆரம்பிக்கும், ஆளுங்க வெயிலைத் திட்டிட்டு இருப்பாங்க. அதனால குறையுறதை நிரப்ப மட்டும் ஆர்ஓ தண்ணியோ மழைத் தண்ணியோ ஊத்துங்க. ஐஸ் பாட்டில் போடாதீங்க, மடமடன்னு இறங்கி திரும்ப ஏறும், அது நிலையான 32ஐ விட மோசம். லைட்டை ராத்திரி 7ல இருந்து 1 மணிக்கு மாத்திட்டா லைட் சூடும் பகல் சூடும் சேராது. சாப்பாட்டைப் பாதியாக்குங்க.

கரண்ட் போனா?

பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. அது இல்லன்னா கால் மணிக்கு ஒரு தடவை மக்ல மொண்டு அரை அடி உயரத்துல இருந்து திரும்ப ஊத்துங்க. பகல் வெளிச்சம் ரூம்ல இருந்தா செடியே கொஞ்சம் தாங்கும், ராத்திரிதான் கவனம்.

நாங்க ஊட்டி பக்கம், ஜனவரில தண்ணி கையை வெக்க முடியல, செடி தாங்குமா?

வேலிஸ், ஹார்ன்வொர்ட், ஜாவா ஃபெர்ன் தாங்கும். சென்னை வெயிலுக்கு எனக்கு இஷ்டமில்லன்னு சொன்ன ஜாவா மாஸ் உங்க ஊர்ல அருமையா வரும். அனுபியாஸ் சாகாது, ஆனா குளிர் முடியுற வரைக்கும் ஒரு இலை கூட விடாது. மீனுக்கு வைட் கிளவுட் கிடைச்சா தாராளமா வாங்கி விடுங்க, தென் சீனாவோட மலை ஓடை மீன், 14, 16 டிகிரில சுகமா இருக்கும். கப்பி, ஃபைட்டர் உங்களுக்கு வேண்டாம். குளிர்ல சாப்பாடு ரொம்ப கம்மியா போடுங்க, மீன் செரிக்காது, மிஞ்சினது அழுகும்.

குளத்துல, வாய்க்கால்ல இருக்குற செடியை எடுத்துட்டு வரலாமா?

வரலாம். ஹைட்ரில்லா, ஹைக்ரோஃபிலா, நீர்ப்பிரமி எல்லாம் நம்ம ஊருதான், கடையில காசு கொடுத்து வாங்குறதுல சிலது வயல் வரப்புலயே கிடக்குது. ஆனா நேரா தொட்டில போடாதீங்க. அட்டை, தட்டானோட குஞ்சு எல்லாம் ஒட்டிட்டு வரும், தட்டான் குஞ்சு கப்பி குட்டியைப் பிடிச்சுத் தின்னும். பொட்டாசியம் பர்மாங்கனேட்டை லேசான ரோஸ் நிறத்துக்குக் கரைச்சு 10 நிமிஷம் முக்கி அலசிட்டு, தனி பக்கெட்ல ரெண்டு மூணு வாரம் வெச்சிருந்து எடுங்க. அந்த பக்கெட்ல கொசு முட்டை போடும், வலை போட்டு மூடிருங்க. பூச்சிமருந்து அடிச்ச வயலுக்குப் பக்கத்துல எடுக்காதீங்க.

நத்தை வந்துருச்சு.

வந்தா என்ன, அழுகின இலையைத்தான் தின்னும். கூட்டமா பெருகுதுன்னா நீங்க சாப்பாடு அதிகமா போடுறீங்க. ராத்திரி ஒரு துண்டு வெள்ளரிக்காய் போட்டு வெச்சு காலைல அதோட எடுத்துருங்க. முன்னாடியே தடுக்கணும்னா செடி வாங்கினதும் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் படிகாரத் தூள் கரைச்சு ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு அலசிருங்க.

மணி பிளான்ட் வேரை தொட்டில விடலாமா?

தாராளமா. இலை வெளிய, வேர் மட்டும் உள்ள. நைட்ரேட்டை நல்லா இழுக்கும், பாசியும் குறையும். இலை தண்ணிக்குள்ள போனா அழுகும், அவ்ளோதான்.

வாரா வாரம் என்ன வேலை இருக்கும்?

கால் பங்கு தண்ணி மாத்துறது, மஞ்ச இலையை கிள்ளுறது, ஸ்பாஞ்சை தொட்டித் தண்ணியிலயே பிழியுறது. குழாய்ல கழுவினா பாக்டீரியா போயிரும். மணலை செடி வேர் இருக்குற இடத்துல கிளறாதீங்க.

வெட்டின செடி, பெருகிப் போனது எல்லாம் எங்க போடுறது?

ஏரி, குளம், வாய்க்கால், சாக்கடை எதுலயும் போடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். கேரளால ஆப்பிரிக்கன் பாயல்னு சொல்ற சால்வினியா பிரேசில்ல இருந்து வந்தது, வயலையும் காயலையும் மூடி, 1980கள்ல அதைத் தின்னுற ஒரு வண்டை வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து விட்டுத்தான் கட்டுப்படுத்தினாங்க. கபோம்பா செடியும் அங்க கால்வாய்ங்கள்ல பரவிக் கிடக்குது, அது அக்வேரியம் கடைல ரெண்டு கொத்து வாங்குற அதே செடி. நம்ம ஏரில வெங்காயத்தாமரை என்ன பண்ணுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஹார்ன்வொர்ட் மாதிரி செடில ஒரு அங்குலத் துண்டு போதும் திரும்ப வளர. அதனால மாடில வெயில்ல ரெண்டு நாள் நல்லா காயப் போட்டு, மொறுமொறுன்னு ஆனதும் பூந்தொட்டி மண்ணுல கலந்துருங்க, மாத்தின தொட்டித் தண்ணியையும் அதே பூந்தொட்டிக்கே ஊத்துங்க.